வேலூர் வெயில்ல ஐஸ் வண்டி போடறவங்களுக்கு: முதல்ல பெட்டி, அப்புறம் சக்கரம்

மாசி பொறந்துட்டா எனக்கு வர்ற போன்ல பாதி ஒரே கேள்விதான். அண்ணா ஐஸ்கிரீம் வண்டி போடலாம்னு இருக்கேன், டிவிஎஸ் எக்ஸ்எல் வாங்கலாமா, லோடு ஆட்டோ வாங்கலாமா, இல்ல பழைய குட்டியானை ஒண்ணு வருது அத எடுத்துடலாமான்னு கேக்கறாங்க. நான் காட்பாடி பக்கம் ஃப்ரிட்ஜ் ஏசி வேலை பாக்கறவன், ராணிப்பேட்டைல இருந்து ஆம்பூர் வரைக்கும் ஐஸ் கம்பெனி, ஐஸ்கிரீம் பார்லர், வண்டிக்காரங்கன்னு எல்லார் பெட்டியும் என் கை பட்டு போயிருக்கும். அதனால ஒவ்வொருத்தருக்கும் போன்ல சொல்றத விட இங்க எழுதி வச்சிடலாம்னு தோணுச்சு.

கேள்வியே வண்டில ஆரம்பிக்குது பாருங்க, அங்கதான் எனக்கு மனசு கேக்க மாட்டேங்குது. வண்டி எது வேணா இருக்கட்டும், அது பெட்டிய தூக்கினு போற காலு, அவ்ளோதான். நீங்க விக்கப்போறது குளிர்ச்சி. அத காலைல ஏத்தி சாயங்காலம் வரைக்கும் காப்பாத்தறது பெட்டி. கைல இருக்கற காசுல முக்கால்வாசிய வண்டிக்கு டவுன் பேமென்ட் கட்டிட்டு, மிச்சத்துல ஒரு தகர பெட்டிய அடிச்சு உள்ள தெர்மாகோல் ஒட்டிட்டு இறங்கறவங்க சித்திரை பாதியிலயே வண்டிய வித்துட்டு போறத பாத்துகினே இருக்கேன், நல்லா உழைக்கற பசங்க, பாக்கவே கஷ்டமா இருக்கும்.

ஊரு வேற எப்படிப்பட்ட ஊரு! வெயிலூர்னு சும்மாவா சொல்றாங்க. மே 4 வாக்குல கத்திரி ஆரம்பிச்சு 28, 29 வரைக்கும் 40 டிகிரிக்கு மேல அடிக்கும். ஐஸ்கிரீம் இருக்க வேண்டியது மைனஸ் 18-ல, பெட்டி சுவர் மைனஸ் 20-ல இருக்கணும்னு வச்சுக்கோங்க, அப்ப உள்ளுக்கும் வெளிக்கும் நடுவுல 60 டிகிரி வித்தியாசம். அத தாங்கி நிக்கறது நடுவுல இருக்கற 2 இன்ச்சோ 3 இன்ச்சோதான். இதுல கடற்கரை ஊருக்கும் நமக்கும் இன்னொரு வித்தியாசம் இருக்கு. மெட்ராஸ்ல பீச்ல விக்கறவரு சாயங்காலம் நாலு மணி நேரத்துல பெட்டிய காலி பண்ணிடுவாரு, நம்ம பக்கம் அப்படி இல்ல.

நம்ம பக்கம் வியாபாரம் எங்க இருக்குன்னு யோசிங்க. கோட்டை எதிர்லயும் பெரியார் பூங்காகிட்டயும் சாயங்காலம் இருக்கு சரி, விஐடி கேட்டுகிட்ட இருக்கு, ஆம்பூர் ராணிப்பேட்டைல ஷூ கம்பெனி விடற நேரத்துல பொம்பளைங்க கூட்டமா வெளிய வருவாங்க, அந்த அரை மணி நேரம் கை ஓயாது. ஆனா சீசன்ல பெரிய காசு ஊர் திருவிழாலதான். குடியாத்தம் கெங்கையம்மன் சிரசு திருவிழா வைகாசி 1, அன்னைக்கு ஊரே ஜனம். அத விட பெருசு எனக்கு தெரிஞ்சு பாரதக் கூத்து. பங்குனில இருந்து வைகாசி ஆனி வரைக்கும் திரௌபதி அம்மன் கோயில் இருக்கற ஊர்லல்லாம் அக்னி வசந்த விழா நடக்குது, மதியம் பாரத பிரசங்கம், ராத்திரி விடிய விடிய கூத்து, கடைசி நாள் காலைல துரியோதனன் படுகளம், சாயங்காலம் தீமிதி. ஐஸ்காரரு முந்தின நாள் சாயங்காலம் போய் நின்னாருன்னா மறுநாள் படுகளம் முடியற வரைக்கும் அங்கதான். நடுவுல ப்ளக் பாயிண்ட்டுக்கு எங்க போவாரு? அப்ப பெட்டி 8 மணி நேரம் தாங்கும், 10 மணி நேரம் தாங்கும்னு கடைக்காரரு சொல்றது நமக்கு பத்தவே பத்தாது, 16, 18 மணி நேரம் நிக்கணும்.

இப்ப கணக்குக்கு வரலாம், பயப்படாதீங்க, பெருக்கல் வகுத்தல்தான். 150 லிட்டர் பெட்டின்னா சுவர், அடி, மூடி எல்லாம் சேத்து சுமாரா 1.8 சதுர மீட்டர் வரும். 3 இன்ச் பஃப், அதாவது ரெண்டு ஷீட்டுக்கு நடுவுல பொங்க விடற பாலியூரித்தேன் நுரை, அடிச்ச பெட்டின்னா 60 டிகிரி வித்தியாசத்துல சுவர் வழியா உள்ள போற சூடு கிட்டத்தட்ட 35 வாட். அதே பெட்டிய 2 இன்ச் தெர்மாகோல்ல செஞ்சீங்கன்னா 78 வாட் கிட்ட போகும். ஐஸ்கிரீம் நடுவுல ஒரு குண்டு பல்ப போட்டு நாள் முழுக்க எரிய விட்டா எப்படியோ அப்படித்தான் இது, எந்த பல்பு வேணும்னு முடிவு பண்றது நீங்க. இதுல மூடி தொறக்கறதால உள்ள போற சூட்ட நான் சேக்கவே இல்ல, ஓட்டமான வியாபாரம் நடக்கற நாள்ல அதுவும் இதே அளவுக்கு வரும்.

பஃப்ன்னு சொல்லிட்டு எல்லாரும் ஒரே மாதிரி அடிக்கறதில்ல. நல்லா அடிச்ச பஃப் ரெண்டு ஷீட்டுக்கு நடுவுல ஒரு இடம் விடாம பொங்கி நிறைஞ்சிருக்கணும். பெட்டிய வாங்க போனா விரல் கணுவால சுத்தி தட்டிப் பாருங்க, ஒரே மாதிரி கெட்டியா சத்தம் வரணும், எங்கயாவது டொக்குனு காலியா கேட்டா அந்த இடத்துல பஃப் நிறையல. அங்க வெளிப்பக்கம் வேர்க்கும், வேர்த்த தண்ணி மெல்ல மூட்டு வழியா உள்ள இறங்கும். தண்ணி பஃப விட 25 மடங்கு சூட்ட கடத்தும், அப்புறம் அது பஃப் பெட்டியே இல்ல. ரெண்டு வருஷம் ஓடின பழைய பெட்டி வாங்கறவங்க நிறைய ஐஸ் கட்டிய உள்ள போட்டுட்டு ஒரு மணி நேரம் கழிச்சு வெளிய கைய வச்சு தடவிப் பாருங்க, ஈரமா சில்லுனு பட்ட இடம் எல்லாம் போன இடம்தான்.

உள் ஷீட்டு விஷயத்துல ஒண்ணு சொல்லணும். 304 கிரேடு எஸ்எஸ் (ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்)னு சொல்லி அத விட மட்டமான 202 போட்டு கொடுக்கறவங்க இருக்காங்க. காந்தத்த வச்சு பாத்தேன்ணா ஒட்டல, 304 தான்னு சொல்லுவாங்க, 202-லயும் காந்தம் பெருசா ஒட்டாது. கடைல கெமிக்கல் சொட்டு விட்டு பாக்கற கிட்டு கிடைக்கும், அதுல பாருங்க. கப் ஐஸ், கோன் மட்டும் விக்கறவங்களுக்கு 202 கூட ரொம்ப நாள் ஓடிடும், ஆனா குல்ஃபிக்கு உப்பும் ஐஸும் போடறவங்க அத தொடவே தொடாதீங்க, உப்பு தண்ணி புள்ளி புள்ளியா அரிச்சிடும். அவங்களுக்கு ஃபைபர் பெட்டி இன்னும் நல்லது.

பெட்டி அடில தண்ணி விடற ஓட்டை ஒண்ணு இருக்கும், அதுக்கு மூடி இருக்கான்னு பாருங்க. குளுந்த காத்து கனமானது, கீழதான் இறங்கும், அந்த ஓட்டை தொறந்து இருந்தா ராத்திரி பூரா குளிர்ச்சி ஒழுகிகினே இருக்கும், யாருக்கும் கண்ணுக்கு தெரியாது. இதே காரணத்துக்குதான் மேல் மூடி பெட்டிய எடுங்கன்னு சொல்றேன், கதவு வச்ச ஃப்ரீசர தொறந்தா உள்ள இருக்கற குளிர்ச்சி பூரா கால்ல கொட்டிடும். அதுவும் ஒரே பெரிய மூடியா இல்லாம ரெண்டு மூணு சின்ன மூடியா இருக்கணும். ரப்பர் கேஸ்கெட்டுக்கு ஒரு பத்து ரூபா நோட்ட மூடில வச்சு மூடிட்டு இழுத்துப் பாருங்க, சுத்தி எல்லா இடத்துலயும் இறுக்கமா பிடிக்கணும், லேசா வழுக்கினு வந்தா கேஸ்கெட் மாத்தணும்.

ராணிப்பேட்டை மாவட்டத்துல கலவைன்னு ஒரு ஊரு, அந்த பக்கம் ஒரு படுகளத்துல ஒரு பெரியவர பாத்தேன். பழைய டிவிஎஸ் 50, பின்னாடி மரப்பெட்டி, மேல நனைச்ச கோணிப்பை ரெண்டு மடிப்பா. காலைல பத்து மணி இருக்கும், புழுதி, வெயில், பீமன் வேஷம் ஒரு பக்கம் கத்தினு இருக்கு, பசங்க இவர சுத்தி மொய்க்கறாங்க. மனுஷன் மூடிய நாலு விரல் அளவுக்கு மேல தூக்கவே இல்ல. உள்ள பாக்கறதும் இல்ல. கைய விடறாரு, பால் ஐஸ் கேட்டா பால் ஐஸ், சேமியா கேட்டா சேமியா, அடுத்த நொடி மூடி டப்புனு மூடியாச்சு. "இன்னா பெரியவரே, தொறந்ததே தெரியல, எடுத்துட்டீங்க"ன்னேன். "தொறந்து வச்சு பாத்துகினு இருந்தா ஐஸ் இன்னாத்துக்கு நைனா நிக்கும், எது எங்க கீதுன்னு கைக்கு தெரியணும்"னாரு. முந்தின நாள் மதியம் கம்பெனில ஏத்தின சரக்கு, எனக்கு கொடுத்த குச்சி ஐஸு கடிச்சா பல்லு கூசற அளவுக்கு கெட்டியா இருந்துச்சு.

அந்த கோணிப்பைய சாதாரணமா நினைக்காதீங்க. நம்ம ஊர் கோடை காத்துல ஈரம் கம்மி, நனைச்ச சாக்கு வேகமா காயும், காயறப்ப பெட்டி மேல்பக்க சூட்ட எடுத்துனு போயிடும். வெயில் நேரா அடிக்கற கருப்பு கலர் பெட்டி மேல 60 டிகிரி கூட தொடும், வெள்ளை பெயிண்ட்டு, மேல ஒரு குடை, ஈர சாக்கு, இந்த மூணும் இருந்தா அது 30 பக்கத்துல வந்து நிக்கும். மோட்டார் வச்ச ஃப்ரீசர் மேல மட்டும் ஈர சாக்கு போட்டுடாதீங்க, கரண்ட் சமாச்சாரம்.

சரி, குளிர்ச்சி எங்க இருந்து வரும்? கம்மி செலவுல ஐஸும் கல் உப்பும். மூணு பங்கு ஐஸுக்கு ஒரு பங்கு உப்பு போட்டா மைனஸ் 21 வரைக்கும் போகக்கூடியது, நடைமுறைல மைனஸ் 15, 18-னு நிக்கும். ராத்திரில மணி அடிச்சினு வர்ற குல்ஃபி வண்டி எல்லாம் இந்த வித்தைலதான் ஓடுது. கப், கோனுக்கு சரியானது யூடெக்டிக் ப்ளேட்டு வச்ச பெட்டி. ப்ளேட்டுக்குள்ள உப்பு கரைசல் இருக்கும், ராத்திரி 8, 10 மணி நேரம் கரண்ட்ல போட்டா அது கல்லா உறைஞ்சிடும், பகல்ல ப்ளக்க புடுங்கிட்டு போனா அது மெல்ல உருகி உருகி பெட்டிய அதே குளிர்ல வச்சிருக்கும். மேல சொன்ன 35 வாட்ட தாங்க 10 மணி நேரத்துக்கு அஞ்சரை கிலோ கரைசல் வேணும், மூடி தொறக்கறதுக்கு இன்னும் அவ்ளோ, கூத்துக்கு ராத்திரி தங்கறவங்களுக்கு இருபது கிலோ இருந்தாதான் நிம்மதி. பெட்டி விக்கறவங்கள எத்தனை ப்ளேட்டு, மொத்தம் எத்தனை கிலோ கரைசல், எத்தனை டிகிரில உருகும்னு கேளுங்க. பதில் வரலன்னா அடுத்த கடைக்கு போங்க.

இங்க நிறைய பேரு ஒரு குறுக்கு வழி பாக்கறாங்க, ஜெல் பேக்குல உப்புத் தண்ணி ஊத்தி வீட்டு ஃப்ரிட்ஜ் ஃப்ரீசர்ல வச்சு அத பெட்டில போட்டுக்கலாம்னு. வீட்டு ஃப்ரீசர் மைனஸ் 18 வரைக்கும்தான் போகும், மைனஸ் 21-ல உறையற கரைசல் அதுல எத்தனை நாள் வச்சாலும் உறையாது, வெறும் குளுந்த தண்ணியாதான் இருக்கும். உறைஞ்சு உருகறப்பதான் அதுக்கு பலம். ப்ளேட்ட உறைய வைக்க மைனஸ் 30 கிட்ட போற கம்ப்ரஸர் வேணும்.

இன்னொண்ணு, இந்த பெட்டி இருக்கற குளிர காப்பாத்தும், புதுசா குளிர வைக்காது. கம்பெனில இருந்து கொஞ்சம் இளகின சரக்க ஏத்திட்டு பெட்டி கெட்டியாக்கிடும்னு நம்பாதீங்க. இளகி மறுபடி உறைஞ்ச ஐஸ்கிரீம்ல காத்து போயிடும், ஐஸ் துகள் பெருசாயிடும், வாயில போட்டா நறநறன்னு மணலாட்டம் இருக்கும். ஒரு குழந்தை அத ஒரு தடவ தின்னுச்சுன்னா அடுத்த தடவ உங்க ஹாரன் சத்தம் கேட்டு ஓடி வராது. கோடவுன்ல ராத்திரி கரண்ட் போச்சா இல்லையான்னு தெரிஞ்சுக்க ஒரு கப்ல தண்ணி உறைய வச்சு மேல ஒரு ரூபா காயின் வச்சிடுங்க. காலைல காயின் மேலயே இருந்தா நல்லது, உள்ள இறங்கி இருந்தா அந்த சரக்க வெளிய கொண்டு போகாதீங்க.

இப்ப வண்டி. கிராமம் கிராமமா சுத்தறவங்களுக்கு எக்ஸ்எல்ல அடிச்சுக்க வேற இல்ல, பின் சீட்ட கழட்டிட்டு 50, 60 லிட்டர் பெட்டி வைக்கலாம், அணைக்கட்டு, ஊசூர் பக்கம் மண் ரோட்டுல கூட போகும். பெட்டி உயரமா இல்லாம அகலமா தாழ்வா இருக்கணும், சைலன்சர் பக்கம் பெட்டிக்கும் அதுக்கும் நடுவுல இடைவெளி விட்டு ஒரு தகடு மறைப்பு கொடுங்க. டவுனுக்குள்ள மட்டும் நிக்கறவங்களுக்கு மூணு சக்கர சைக்கிள் வண்டி போதும், பெட்ரோல் செலவு இல்ல, ஆனா பிரேக் நல்லா பாருங்க, 150 லிட்டர் பெட்டி சரக்கோட மேம்பாலம் இறங்கறப்ப சைக்கிள் பிரேக் நிக்காது. ஹைவே மேல தயவுசெஞ்சு போகாதீங்க, சர்வீஸ் ரோடு இருக்கு.

பேட்டரி லோடு ஆட்டோ இப்ப நிறைய பேரு கேக்கறாங்க. சத்தம் இல்ல, ஓட்ற செலவு கம்மி, எனக்கு பிடிச்ச வண்டிதான். ஆனா வண்டி ஓடற பேட்டரில இருந்தே ஒயர் இழுத்து ஃப்ரீசருக்கு கொடுக்காதீங்க, வாரண்டியும் போகும், பாதி வழில வண்டியும் நிக்கும். தனி பேட்டரி வைங்க. 12 வோல்ட் 150 ஏஹெச் லெட் ஆசிட் பேட்டரில 1.8 யூனிட்டு இருக்கும், அதுல பாதிதான் எடுக்கணும், சராசரி 120 வாட் இழுக்கற ஃப்ரீசருக்கு 7 மணி நேரம். லித்தியம்னா முக்கால்வாசிக்கு மேல எடுக்கலாம், எடையும் கம்மி. சாதா கம்ப்ரஸர் ஸ்டார்ட் ஆகறப்ப ஓடறத விட பல மடங்கு கரண்ட் இழுக்கும், அதனால சைன் வேவ் இன்வெர்ட்டர், அதுவும் பெரிய சைஸ்ல. பேட்டரி கரண்ட்லயே நேரா ஓடற டிசி கம்ப்ரஸர் வச்ச ஃப்ரீசர் விலை ஜாஸ்தி, ஆனா இந்த தொல்லை எதுவும் இல்ல.

குட்டியானை 2005-ல வந்ததுல இருந்து நம்ம ஆளுங்களுக்கு அது மேல ஒரு ஆசை. கல்யாணம், காலேஜ் ஃபங்ஷன்னு ஆர்டர் எடுக்கறவங்களுக்கும் ரெண்டு மூணு வண்டிக்கு சரக்கு சப்ளை பண்றவங்களுக்கும் அது தேவை. கடைல வைக்கற டீப் ஃப்ரீசர அப்படியே தூக்கி பின்னாடி வச்சா குலுங்கி குலுங்கி காப்பர் பைப் விட்டுடும், கேஸ் போயிடும், அடில கெட்டி ரப்பர் கொடுத்து நாலு பக்கமும் பட்டை போட்டு கட்டணும். முக்கியமா ஒண்ணு, நிறைய டீப் ஃப்ரீசர்ல சூட்ட வெளிய விடற கண்டன்ஸர் பைப் வெளி சுவருக்கு உள்ளதான் ஓடும், ஓடறப்ப வெளிப்பக்கம் சூடா இருக்கறது அதனாலதான். குளிர காப்பாத்தறோம்னு நெனச்சு சுத்தி மெத்தையும் தெர்மாகோலும் அடைச்சு வச்சா சூடு வெளிய போக வழி இல்லாம கம்ப்ரஸர் ட்ரிப் ஆகும். படுக்க வச்சு ஏத்தினு வந்த ஃப்ரீசர வந்த உடனே ஆன் பண்ணாதீங்க, நிமித்தி வச்சு சில மணி நேரம் விடுங்க, ஆயில் இறங்கணும். ஜெனரேட்டர் வச்சா மூடின பாடிக்குள்ள ஓட்டவே கூடாது, அந்த புகை ஆள கொன்னுடும்.

பாடி மாத்தி அடிச்சா ஆர்டிஓ ஆபீஸ்ல எழுதி வாங்கிடுங்க. மொத்த எடை 3,000 கிலோவுக்குள்ள இருக்கற சரக்கு வண்டிக்கு பெர்மிட் தேவையில்ல, எஃப்சி, இன்சூரன்ஸ் மட்டும் சரியா இருக்கணும். உணவு பாதுகாப்பு பதிவு சின்ன வண்டிக்கும் வேணும். ரோட்டோரம் விக்கறவங்களுக்கு 2014 சட்டம் இருக்கு, கார்ப்பரேஷன்ல தெரு வியாபாரி அட்டைய வாங்கி வச்சுக்கோங்க, தெரு வியாபாரிங்களுக்குன்னு 2020-ல வந்த மத்திய அரசு ஸ்வநிதி கடனுக்கும் அது உதவும். போர்டுல எழுதறப்ப கவனம், பால் கொழுப்பு 10 சதவீதம் இருந்தாதான் முழு ஐஸ்கிரீம், வெஜிடபிள் ஆயில்ல செஞ்சது ஃப்ரோசன் டெசர்ட், டப்பால என்ன போட்டிருக்கோ அதையே போர்டுலயும் எழுதுங்க.

கோன்ல ஐஸ்கிரீம பிழிஞ்சு தர்ற சாஃப்டி மெஷின வண்டில வைக்கலாமான்னு கேக்கறவங்களுக்கு, முதல் வருஷம் வேணாம். 2, 3 கிலோவாட் இழுக்கும், தினமும் கழட்டி கழுவணும், அதுக்கு நல்ல தண்ணி நிறைய வேணும், ஒரு நாள் விட்டாலும் உள்ள பால் கெட்டு பசங்களுக்கு வயிறு போகும். அந்த காசுக்கு ரெண்டாவது ப்ளேட்டு பெட்டி வாங்குங்க.

கடைசியா, எந்த பெட்டி வாங்கினாலும் சரக்கு ஏத்தறதுக்கு முன்னாடி ஒரு சோதனை போட்டுடுங்க. ராத்திரி ப்ளேட்ட உறைய வச்சு, முன்னாடியே உறைஞ்ச தண்ணி பாட்டில உள்ள அடுக்கி, ஒயர் வச்ச டிஜிட்டல் தெர்மாமீட்டர மூடிக்கு கிட்ட மேல் அடுக்குல வைங்க, அங்கதான் முதல்ல சூடேறும். மொட்டை மாடில வெயில்ல வச்சுட்டு பத்து நிமிஷத்துக்கு ஒரு தரம் மூடிய தொறந்து மூடி, மணிக்கு ஒரு தரம் டிகிரிய எழுதுங்க. மைனஸ் 18-அ தாண்டி எந்த மணிக்கு ஏறுதோ அதுதான் உங்க பெட்டியோட உண்மையான நேரம், அதுக்கு ஒரு மணி நேரம் முன்னாடியே நீங்க வீட்டுக்கு வந்துடணும். இந்த சோதனைக்கு ஒத்துக்கற கடைல வாங்குங்க. ஆர்டர மார்கழி தைலயே கொடுத்துடுங்க, மாசிக்கு அப்புறம் பெட்டி அடிக்கற பட்டறைல எல்லாம் வேலை குவிஞ்சு கிடக்கும், அவசரத்துல பஃப் சரியா காயறதுக்கு முன்னாடியே மூடிய மாட்டி அனுப்பிடுவாங்க.